மூன்று முறை கூப்பிட்ட குரல்

ராப் பாட்டை விட்டுவிட்டானே, இனி என்ன செய்யப் போகிறான் என்று என் பேரனைப் பற்றிக் கேட்டவர்களே, இன்று காவலூர் பஸ்ஸில் அவன் குரலைக் கேட்டேன்.

பக்கத்து சீட்டுப் பெண் செல்போனில் விளையாடிக்கொண்டிருந்தாள். அதில் யாரோ கதவைத் தட்டி, "தொறங்க, மழையில நனையுறேன்" என்று கெஞ்சினார்கள். விளையாட்டுக்குக் குரல் கொடுப்பதாக அவன் சொல்லியிருந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எம் பேரன் குரல்மா இது."

"அப்டியா ஆயா? அப்போ நீங்களே சொல்லுங்க, தொறக்கலாமா வேணாமா? உள்ள கொழந்தைங்க தூங்குது."

எங்கள் மலையில் வெளியிலிருந்து கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் பதில் கொடுப்போம். பேயால் இரண்டு முறைக்கு மேல் கூப்பிட முடியாது. எண்ணிப் பார்த்தேன். மூன்று முறை கூப்பிட்டான்.

"தொற கண்ணு, மனுசன்தான்."

திறந்தாள். உள்ளே வந்தது மனிதன் இல்லை. குழந்தைகளின் மூச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"போச்சு ஆயா" என்று சிரித்தாள்.

இறங்கியதும் பேரனுக்குப் போன் போட்டேன். "இன்னாடா, பேய்க்கா குரல் குடுத்த? மூணு வாட்டி கூப்பிட்டியே."

"நான் ஒரு வாட்டிதான் ஆயா பேசினேன். மீதியெல்லாம் என் குரல வச்சு மெஷினே பேசிக்குது. எத்தினி வாட்டி வேணா கூப்பிடும். இனிமே நான் வாயே தொறக்க வேணாம்."

பெருமையாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம். வாசலில் நின்று கூப்பிடுவான். இனி எதை நம்பிக் கதவைத் திறப்பது? உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள், சொல்லுங்கள்.