ஹரி சாருக்கு ஒரு வேன்

இலங்கையில் எங்கள் இறக்குவானையிலிருந்து பழனிக்கு ரோடு கிடையாது என்பதை என் வீட்டுக்காரரால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுகிறவர் அவர். ஃபோனில் மேப்பைத் திறந்து, இரண்டு விரலால் கடலைச் சுருக்கிப் பார்ப்பார். "நடுவுல இத்துனூண்டு தண்ணிதானே" என்பார். அந்த இத்துனூண்டு தண்ணீருக்காக பாஸ்போர்ட், விசா, பிளேன் டிக்கெட் என்று அலையவேண்டி வந்ததில் அவருக்குத் தாங்கமுடியாத எரிச்சல்.

போயே ஆகவேண்டியவர் என் அத்தை, அதாவது அவருடைய அம்மா. சில வருஷங்களுக்கு முன்னால் அடைமழையில் லொறி ஒரு வளைவில் சறுக்கி, பள்ளத்துக்குள் போகாமல் ஒரு மரத்தில் முட்டி நின்றது. செய்தி கேட்ட மாத்திரத்தில் அத்தை, பிள்ளை முழுசாக வந்தால் பழனிக்கு வந்து மொட்டை போடுகிறேன் என்று லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி வேண்டிக்கொண்டார். பிள்ளை நெற்றியில் ஒரு பிளாஸ்டரோடு வந்து சேர்ந்து டீ கேட்டார். கதிர்காமத்திலும் அதே முருகன்தான் இருக்கிறார், பஸ்ஸில் போய் வந்துவிடலாம் என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள்.

"வாயில பழனின்னு வந்துருச்சு. இப்ப மாத்திச் சொன்னா சாமி நம்மள என்னான்னு நெனைக்கும்?"

இதில் ஓர் அவசரமும் இருந்தது. அத்தைக்கு முடி கொட்டத் தொடங்கியிருந்தது. தலை சீவிய பிறகு சீப்பைப் பார்த்து முகம் வாடிப்போகும். "இந்த வருஷமும் போகலன்னா முருகனுக்கு வெறும் மண்டையத்தான் காட்டணும்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் தருகிறேன் என்று சொன்ன பொருள் தருவதற்கு முன்னாலேயே கைவிட்டுப் போகிறதே என்று உள்ளூரப் பயந்துபோயிருந்தார். அவருக்கும் எனக்கும் ஆயிரம் சண்டை உண்டு. இருந்தாலும் அந்தச் சீப்பைப் பார்க்க எனக்கும் பொறுக்கவில்லை.

பயணத் திட்டம் முழுக்க வீட்டுக்காரருடையது. மதுரையில் இறங்கி வேனில் பழனி. அங்கிருந்து உடுமலைப்பேட்டை வழியாகக் கேரளா எல்லையைத் தாண்டி மூணாறு. திரும்பும்போது போடி வழியாக மதுரை. மூணாறு எதற்கு என்று நான் கேட்டதற்கு, வளைவு பார்க்க என்றார். இறக்குவானை ரோட்டில் தினமும் வளைந்து வளைந்து வருகிற மனிதர் சொல்கிற பேச்சா இது?

"அங்க என்னா இருக்கு?" என்று அத்தை கேட்டார்.

"மலைம்மா. தேயில."

அத்தை எழுந்துபோய்க் கதவைத் திறந்து காட்டினார். எதிரே மலை நின்றது. மலை நிறையத் தேயிலை. "இதப் பாக்கவா பிளேன் ஏறணும்?" என்றார். பென்ஷன் வயசு வரைக்கும் அந்த மலையில் கொழுந்து எடுத்தவர் அவர். மூணாறுப் பக்கம் ஓர் இடத்தில் கூடை வாடகைக்குக் கொடுத்து, கொழுந்து எடுக்கிற மாதிரி படம் பிடித்துக் கொடுக்கிறார்கள் என்று நான் ஃபோனில் காட்டினேன்.

"இவங்களுக்குச் சம்பளம் யாரு குடுக்குறா?"

"சம்பளம் இல்ல அத்த. படம் புடிச்சிக்கிறவங்கதான் காசு குடுக்கணும்."

அத்தை ஃபோனை என் கையில் திருப்பித் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

வேன்காரருடைய நம்பர் கேகாலையிலிருந்து வந்தது. அங்கே ரப்பர் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா வேளாங்கண்ணிக்குப் போனபோது, லாட்ஜ்காரரிடம் வாங்கி வைத்திருந்த நம்பர்களில் அதுவும் ஒன்று. தைப்பூச நேரம் என்பதால் மற்ற யாரிடமும் வேன் இல்லை. இருந்த ஒரே ஆளுக்கும் முதல் பேச்சிலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"சிலோன்னு சொல்றீங்க, பேச்சு எங்க பக்கத்துப் பேச்சால்ல சார் இருக்கு?"

"நாங்க எஸ்டேட்டுங்க."

"எஸ்டேட்டுன்னா வால்பாறையா?"

நம்பரைப் பாருங்கள் என்றார் வீட்டுக்காரர். இந்தக் காலத்தில் நம்பரை எல்லாம் நம்பமுடியாது என்றார் டிரைவர். ஏற்கெனவே சிலோன் என்று சொல்லி எவனோ அவரை ஏர்போர்ட்டில் ஒரு நாள் பூராவும் காக்கவைத்தானாம். "சிலோன்காரங்க எப்பிடிப் பேசுவாங்கன்னு சினிமாவுல பாத்திருக்கேன் சார்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

அப்போதுதான் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பயிற்சிக் கலாசாலையில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளோடு ஒரே அறையில் இருந்தவள். "ஒனக்குத்தான் அவங்க பேச்சு தெரியுமே, கொஞ்சம் சொல்லிக் குடு" என்றார். புத்திகெட்டுப்போய் நானும் சொல்லிக் கொடுத்தேன்.

மறுநாள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "ஓம் தம்பி, நாங்கள் இலங்கையில இருந்துதான் கதைக்கிறம்."

டிரைவருடைய குரலே மாறிவிட்டது. "இப்பிடி மொதல்லயே பேசியிருக்கலாம்ல சார்" என்று வேனை உறுதி செய்தார். சந்தோஷத்தில் வீட்டுக்காரர் நிதானம் இழந்து, "ஹரி, ஹரி" என்றார். சரி என்பதற்குச் சிங்களத்தில் ஹரி. எங்கள் பக்கத்தில் அது வாயிலிருந்து தானாக விழும்.

"சரிங்க, பேரு ஹரின்னு போட்டுக்கறேன் சார்."

அன்றிலிருந்து அவர் ஹரி சார். சிக்னலுக்காகக் கோயில் படியில் ஏறி நின்று, சாயந்தரமானால் "விளங்குதோ தம்பி?" என்று ஃபோனில் டிரைவரிடம் சத்தம் போடுவார். பக்கத்துக் காம்பராக்காரி என்னிடம் வந்து, "சாருக்கு ஒடம்புக்கு முடியலியா டீச்சர்?" என்று கேட்டாள். பயணம் பூராவும் இப்படியே பேசுவீர்களா என்று அவரிடம் நான் கேட்டதற்கு, முன் சீட்டில் தூங்கிவிடுவேன் என்றார். அடுத்தவன் ஓட்டுகிற வண்டியில் ஒருநாளும் கண்ணை மூடாத மனிதர்.

ஒரு நாள் அவர் ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு லொறியில் போய்விட்டார். அது அடித்தது. நான் உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். ஓடி வருவதற்குள் அத்தை எடுத்து, வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"ஹரி சார் இருக்காரா?"

"அப்பிடி யாரும் இங்க இல்லீங்களே."

"சிலோன்தானேம்மா?"

"ஆமாங்க, றக்வான."

"பேச்சு அப்பிடி இல்லையே. சொந்த ஊரு எது?"

எங்கள் ஆட்களிடம் சொந்த ஊரைக் கேட்டால் பிறந்த இடத்தைச் சொல்லமாட்டார்கள். முன்னோர் எங்கிருந்து புறப்பட்டு வந்தார்களோ அந்த ஊரைச் சொல்வார்கள். அத்தையும், "திருச்சிப் பக்கம், துறையூருங்க" என்றார்.

"துறையூருல உக்காந்துகிட்டா சிலோன்னு ஏமாத்துறீங்க? வேன் கெடையாது. வைங்கம்மா."

அத்தை என்னைப் பார்த்தார். யாழ்ப்பாணப் பேச்சு, ஹரி சார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நன்றாகத் திட்டு விழும் என்று நினைத்தேன். அவர் கை கொண்டைக்குப் போய் அதை ஒருமுறை அழுத்திப் பார்த்தது.

"அந்த நம்பரப் போடு புள்ள."

போட்டுக் கொடுத்தேன். டிரைவர் வாயைத் திறக்குமுன் அத்தை பேச ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, கேட்டுட்டு வைங்க. ஒங்ககிட்ட வேற மாதிரி பேசுனது என் மகன். அது எங்க பேச்சு இல்ல. நாங்க தேயிலத் தோட்டத்துக்காரங்க, இதான் எங்க பேச்சு. இங்க எங்கள இந்தியாக்காரங்கன்றாங்க. நீங்க சிலோன்காரங்க இல்லேன்றீங்க. அப்ப நாங்க யாருன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வண்டிய நிப்பாட்டுங்க."

அந்தப் பக்கம் ஏதோ பஸ்ஸின் ஹார்னுக்கு நடுவே டிரைவர் கேட்டார்.

"அழுவுறீங்களாம்மா?"

"அழுவல. கோவமா இருக்கேன்."

"மொட்ட யாருக்கும்மா?"

அத்தை லொறி சறுக்கிய கதையைச் சொன்னார். டிரைவர் நடுவில் ஒரு தடவைதான் குறுக்கிட்டார், எந்த கியரில் இறங்கினார் என்று கேட்க. முடிந்ததும், "வண்டி வரும்மா" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "பழனிக்கு முந்தி துறையூருக்கு ஒரு நாள் விடவா? சொந்த ஊருன்னீங்களே, பாத்துட்டுப் போயிரலாம்" என்றார்.

அத்தை திறந்திருந்த கதவு வழியாக எதிர் மலையைப் பார்த்தார். பேசத் தெரிந்த நாளிலிருந்து சொல்லிவந்த ஊர். அங்கே ஒரு தெருவின் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

"வேணாம் தம்பி. அங்க எங்கள யாருக்கும் தெரியாது. பழனிக்கே விடுங்க. முருகனுக்கு எங்களத் தெரியும்."

ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு, எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வெயிலில் போய் உட்கார்ந்தார். கொண்டையை அவிழ்த்து, மிச்சமிருந்த முடிக்கெல்லாம் நிதானமாக எண்ணெய் வைக்கத் தொடங்கினார். கீழ் வளைவில் லொறி ஏறிவரும் சத்தம் கேட்டது.

"ஒன் ஹரி சார் வாறாரு" என்றார். "டீ போடு."