குதிரை வயிற்றில் கூறைப்புடவைச் சிவப்பு

சங்கராபுரத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் குதிரை, நான் வீடியோ. பல பந்திகளில் பக்கத்துப் பக்கத்து இலை. ஒரு தை மாதம் அவருடைய பெண் குதிரை திடீரென்று ஆண் குதிரை மாதிரி கனைத்துக்கொண்டு, இரண்டு மாப்பிள்ளைகளைக் கீழே தள்ளியது. சூல்பையில் கட்டி, அதில் ஆண் ஹார்மோன் ஊறுகிறது என்றார் கால்நடை டாக்டரம்மா. வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. விலாவுக்குப் பின்னால் சின்னச் சின்னதாக மூன்று துளை, ஒன்றில் கேமரா, டிவியைப் பார்த்தபடியே அறுவை. அரைத்தூக்க ஊசி போட்டால் குதிரை நின்றபடியே இருக்குமாம்.

அறுவை அன்று காலை பார்த்து ஆஸ்பத்திரி டிவி உயிரை விட்டது. என் ஸ்டுடியோ டிவியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மருத்துவ வரலாற்றில் எனக்கும் ஓர் அடிக்குறிப்பு கிடைக்கும் என்று தோன்றியது.

கட்டிக்குப் போகிற ரத்தக்குழாயைச் சுட்டு அடைத்து வெட்டினார்கள். திரை முழுக்கச் சிவப்பு. தலையைப் பிடித்திருந்த நண்பர் துண்டால் குதிரையின் கண்ணை மூடினார். "நீ பாக்காதடி."

"இவ்ளோ ஜாஸ்தி வரக்கூடாதே" என்றார் டாக்டரம்மா. ஆனால் ரத்தத்தை உறிஞ்சுகிற பாட்டிலில் இரண்டு ஸ்பூன்கூட இல்லை. பாட்டிலைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"சார், இந்த டிவியில என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"கூறைப்புடவை எடுப்பா தெரியணும்னு செவப்பக் கொஞ்சம் ஏத்தி வெச்சிருக்கேங்க."

அவசரத்தில் ஒரேயடியாகக் குறைத்தேன். ரத்தம் ரசமாயிற்று.

"எது குடல், எது ரத்தம்னே தெரியல. நடுவுல வைங்க சார்."

வைத்தேன். வெட்டிய முனையில் ஒரு பொட்டு நிஜமாகவே கசிந்துகொண்டிருந்தது. நீள இடுக்கியால் அதைக் கவ்விப் பிடித்துக் காத்திருந்து, மறுபடி சுட்டார்.

"நின்னுடுச்சுங்களா, மேடம்?" நண்பர் துண்டை விலக்காமலே கேட்டார்.

"வயித்துல காத்து அடைச்சிருக்கோம். அந்த அழுத்தத்துலயே நின்ன மாதிரி தெரியும். காத்தக் குறைச்சுப் பாத்தாதான் நெஜம்."

காற்றைக் குறைத்தார்கள். திரையையே பார்த்தோம். முனை காய்ந்தே இருந்தது. "நின்னுடுச்சு" என்றார்.

"அண்ணே, பொழச்சிக்கினாண்ணே" என்று நண்பர் திரும்பினார். பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ரிமோட்டோடு தரைக்கு வந்து சேர்ந்தேன்.

டாக்டரம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவருக்கு ரத்தம் வருதா?"

"இல்லீங்க மேடம்."

"அப்ப இருக்கட்டும்" என்று கட்டியை வெளியே எடுக்க ஆரம்பித்தார்.