யுத்தப் படத்தில் இடது ஓரம்

எங்கள் அம்மாவைப் போலப் பெற்ற பிள்ளையைக் கட்டாயப்படுத்திச் சினிமாவுக்கு அனுப்பிய தாய் தூத்துக்குடியில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். கதை பார்க்க அல்ல. கதைக்கு முன்னால் ஓடும் யுத்தப் படத்தைப் பார்க்க.

ரங்கூனில் குண்டு விழுந்ததும் அப்பா எங்களைக் கப்பலேற்றிவிட்டு, பின்னால் வருகிறேன் என்றார். வரவில்லை. பர்மாவிலிருந்து ஜனங்கள் மலை தாண்டி நடந்து வருவதைக் கொட்டகையில் காட்டுகிறார்கள் என்று உப்பளத்தில் யாரோ சொல்ல, அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை மத்தியானம் உப்புச் சுமக்கப் போகும்போது எனக்குத் தரை டிக்கெட்டுக்குக் காசு தருவாள்.

"ஏளா, கண்ணக் கொட்டாமப் பாரு. அப்பா நிக்காவளான்னு பாரு. கதை தொடங்குனா எந்திரிச்சு வந்துரு."

எனக்கு ஒன்பது வயது. ஒரு கதையையும் நான் பார்த்ததில்லை.

அதே கப்பலில் வந்த இன்னொரு குடும்பமும் எங்கள் ஊரில் இருந்தது. கப்பலில் அவர்களுக்கு அறை, எங்களுக்கு மேல்தளத்துத் தரை. அந்த அம்மாள் நாசரேத்துக்காரர், மிஷன் பள்ளி டீச்சர். தம் பிள்ளைகளைக் கொட்டகைத் தெருப் பக்கமே விட மாட்டார். ஒருநாள் அம்மாவைத் தேடி வந்தார்.

"எங்க போர்டிங்ல ஒரு இடம் இருக்கு. சாப்பாடும் உண்டு. ஆனா சினிமா பாக்கது பாவம். அத நிறுத்துனா இவளச் சேத்து விடுதேன்."

நல்ல மனசுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவருடைய வீட்டுக்காரர் வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திரையில் தேட அவர்களுக்கு ஆளில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் போகவில்லை.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள் அம்மா. அடுத்த சனிக்கிழமையும் காசு தந்தாள். எனக்கோ போர்டிங் சோறு கண்ணிலேயே நின்றது. அப்பாவைப் பார்த்துவிட்டேன் என்று சொன்னால் இந்தத் தேடல் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் அப்படியே சொன்னேன்.

அம்மா தலையிலிருந்த சும்மாட்டைக்கூட எடுக்கவில்லை. "எங்கன நின்னாவ?"

"இடது பக்கம். ஓரத்துல."

"மெலிஞ்சிட்டாவளா?"

"கொஞ்சம்."

மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். யுத்தப் படம் காலை ரயிலில் மதுரைக்குப் போய்விட்டது என்றார் வாசலில் நின்றவர்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு தரம் காட்டுங்க அண்ணாச்சி." அம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதாவது பொய் என்று நான் சொல்லியிருக்கலாம்.

போர்டிங் இடம் வேறொரு பிள்ளைக்குப் போயிற்று. அப்பா வரவே இல்லை. யுத்தம் முடியும்வரை ஒரு சனிக்கிழமை விடாமல் அம்மாவே என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தாள். கொட்டகை முழுக்கத் திரையைப் பார்க்கும். அம்மா இடது ஓரத்தை மட்டும் பார்ப்பாள்.