ரோசம்மா வீட்டு ஓவனுக்கு என்ன கேடு

1. கம்ப்ளெய்ன்ட்

ஓவன் சர்வீஸில் எனக்கு ஆகாத வார்த்தை ‘சூடாகவில்லை’. எலிமென்ட் போனாலும் கஸ்டமர் அதைத்தான் சொல்வார். ப்ளக் ஆடினாலும் அதையேதான் சொல்வார். நாபை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாதவரும் அதையேதான் சொல்வார். அந்தச் சனிக்கிழமை காலை பாறசாலையில் என் கடை ஷட்டரைப் பாதி தூக்கும்போதே ஆரியங்கோட்டிலிருந்து ரோசம்மா அக்கா ஃபோனில் கூப்பிட்டார். பழைய கஸ்டமர். மிக்சி, கிரைண்டர் எல்லாம் நான்தான் பார்ப்பேன்.

“சோமன் தம்பி, ஓவன் சூடாவல்ல. இப்ப வருவியளா?”

“திங்கக்கிழமை வாறேன் அக்கா. இன்னைக்கு ரெண்டு ஃப்ரிட்ஜ் கெடக்கு.”

“திங்கக்கிழமை அவள ஆஸ்பத்திரியில கெடத்தணும்னாக்கும் டாக்டர் சொல்லியிருக்கது. அதுக்கு முன்ன இது சரியாவணும்.”

ஓவனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம்? புரியாத விஷயம் ஒன்று காதில் விழுந்துவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஃப்ரிட்ஜ்காரர்கள் திட்டினால் திட்டட்டும் என்று ஸ்கூட்டரை எடுத்தேன்.

விஷயம் இதுதான். ரோசம்மா அக்காவின் மருமகள் ஷைனி பிறந்து வளர்ந்தது அயர்லாந்தில். அவள் அம்மா நெய்யாற்றின்கரைக்காரி, அங்கே நர்ஸ். அக்காவின் மகனைக் கல்யாணம் செய்து ஷைனி இங்கே வந்து ஒரு வருஷம் ஆகிறது. மகன் கப்பலில் வேலை. இவளுக்கு இப்போது நாலு மாசம். கஞ்சி முதல் எது உள்ளே போனாலும் அடுத்த நிமிஷம் வெளியே வருகிறது. கடுகு பொரிந்தால் போதும், வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். திங்கட்கிழமைக்குள் எதுவும் வயிற்றில் தங்கவில்லை என்றால் அட்மிட் பண்ணி டிரிப் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“அவ கேக்கது ஒண்ணே ஒண்ணு. அவளுக்க அம்மை ஞாயித்துக்கிழமை வைக்க ட்ரே சிக்கன். ஒரே தட்டுல கோழியும் காயும் வச்சு ஓவனுக்குள்ள தள்ளணுமாம். அம்புடுதான். நான் ரெண்டு தடவ செய்தேன் தம்பி. ரெண்டு தடவயும் வெளுத்து, தண்ணியில மிதந்து கெடந்துது. அதப் பாத்ததும் அவ ஓடிப் போயி கதவ அடச்சுட்டா.”

அடைத்த கதவு சமையலறையிலிருந்தே தெரிந்தது. உள்ளே சத்தமே இல்லை.

தெர்மோமீட்டர் ப்ரோபை உள்ளே விட்டு, நாபை இருநூறு டிகிரியில் வைத்தேன். மேல் ராடும் கீழ் ராடும் நன்றாகச் சிவந்தன. ஃபேன் சுற்றியது. இருநூறை எட்டியதும் தெர்மோஸ்டாட் கட் ஆகி, கொஞ்சம் இறங்கியதும் திரும்ப ஆன் ஆனது. புது ஓவன்கூட இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யாது.

“ஓவனுக்கு ஒரு கேடும் இல்ல அக்கா.”

“அப்ப கேடு எனக்காக்கும்!” என்று அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் கண் கலங்கிவிட்டது. ஊராருக்கெல்லாம் ஆக்கிப் போட்ட கை அது. மருமகள் வயிற்றில் ஒரு வாய் இறங்கவில்லை.

எங்கள் தொழிலில் இந்த இடத்தில் ‘நோ ஃபால்ட்’ என்று சொல்லிவிட்டுப் பையை எடுக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. ஓவன் நல்ல ஓவன், சமைக்கிறவரும் நல்ல கைக்காரி. பிறகு ஏன் வெளுக்கிறது? அதைத் தெரிந்துகொள்ளாமல் கிளம்பினால் எனக்குச் சோறு இறங்காது.

“அக்கா, நீங்க எங்ஙன செய்தியளோ அங்ஙனயே ஒருக்க எனக்க முன்னால செய்யுங்க.”

2. டெமோ

ஃப்ரிட்ஜில் கோழி இருந்தது. தோல் உரித்துக் கறித்துண்டாக வெட்டி வாங்கியது. அக்கா அதை மஞ்சளும் உப்பும் போட்டுப் பலமுறை அலசினார். ட்ரேயில் பரப்பிச் சுற்றிலும் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு வைத்தார். பிறகு அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினார்.

“தண்ணி எதுக்கு?”

“பின்ன, அடி பிடிக்காதா?”

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. என் வீட்டிலும் இப்படித்தான் செய்திருப்பார்கள். ப்ரோபை உள்ளேயே விட்டுவிட்டு மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அக்கா கதவைத் திறந்து கிண்டினார். மூடினார். இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடி திறந்தார். மீட்டரில் எண் படபடவென்று கீழே விழுந்தது.

“அய்யோ அக்கா! ஏறின சூடெல்லாம் போச்சே. இங்ஙன திறந்து திறந்து பாத்தா அது எப்ப வேவும்?”

“கிண்டாம எங்ஙன தம்பி வேவும்?”

ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். இனி திறக்கவே கூடாது என்று காவல் இருந்தேன். கடைசியில் எடுத்துப் பார்த்தால் கறி வெந்திருந்தது, ஆனால் அதே வெளுப்பு. காய் எல்லாம் தண்ணீரில் ஊறிச் சொதசொதவென்று கிடந்தது. என் சந்தோஷத்தில் மண் விழுந்தது.

“உங்க சம்பந்தியக் கூப்பிடுங்க அக்கா. வீடியோவுல காட்டுவோம்.”

அதுவரை அந்த அம்மா டூட்டிக்கு நடுவில் வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்பியிருந்தார். இப்போது ட்ரேயைப் பார்த்ததும் முகம் ஸ்க்ரீனுக்குப் பக்கத்தில் வந்தது.

“இது என்னது மைனி?”

“நீ சொன்ன கோழி.”

“தோலெங்க? முழுக் கோழியா வைக்காண்டாமா? தோலு பொரிஞ்சு அந்த நெய்யி எறங்கித்தானே அடியில கெடக்க காய் வேவும்!”

“தோலுண்ணு நீ சொல்லவே இல்லியே?”

“அத எதுக்குச் சொல்லணும்? இஞ்ச கோழின்னா தோலோடதான்.”

இரண்டு பேர் பேச்சிலும் தப்பு கிடையாது. அங்கே யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே நாம் தோலோடு சேர்த்துப் பார்க்கிறதே இல்லை. நான் உடனே ஸ்கூட்டரை எடுத்தேன்.

3. தோல்

ஜங்ஷனில் ப்ராய்லர் கடை சுரேஷ் எனக்குப் பழக்கம்.

“எலே, ஒரு முழுக் கோழி. தோலு உரிக்காண்டாம், துண்டு போடாண்டாம்.”

“தோலோட ஆரண்ணே தின்னும்? நாயிக்கா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“கர்ப்பிணிக்காக்கும்லே! வாய மூடிட்டு அறு.”

“அறுத்துத் தாறேன். பூடை பறிக்க எனக்கு நேரம் கெடயாது, மிஷினும் இல்ல. அது உங்க பாடு.”

இறகு பறிக்க வேண்டும் என்று கேட்டதும் ரோசம்மா அக்காவுக்கு உயிர் வந்துவிட்டது. வீட்டில் நாட்டுக்கோழி வளர்த்தவர். பின்பக்கம் ரப்பர் மரத்தடியில் கொதிநீரில் முக்கி, தோல் கிழியாமல் பறித்து, தீயில் வாட்டி எடுத்தார். “காலப் பிடியும், ஆட்டாதியும்!” என்று என்னை அதட்டிக்கொண்டே இருந்தார். குடலெடுத்துக் கழுவி ஈரம் போகத் துடைத்தார். வெண்ணெய், உப்பு, மிளகு, பூண்டு மட்டும் தடவினார். அடியில் கேரட், வெங்காயம், உருளைக்கிழங்கு. வீட்டில் உருளைக்கிழங்கு இரண்டுதான் மிச்சம் இருந்தது. குறைக்கு நம்ம ஊர்ச் சிறுகிழங்கைத் தோல் சுரண்டிப் போட்டார். தண்ணீர் ஒரு சொட்டு இல்லை.

நான் ஓவனுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

“ஒருக்க பாக்கட்டா?”

“வேண்டாம் அக்கா.”

“லேசா?”

“கண்ணாடி வழி பாருங்க.”

கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருந்தோம். முதலில் வெண்ணெய் உருகி வழிந்தது. ரொம்ப நேரத்துக்குப் பிறகு தோல் மஞ்சளாகி, பழுப்பாகி, சிறு சிறு சத்தம் போடத் தொடங்கியது. இத்தனை வருஷம் ஓவன் கழற்றிப் பூட்டியிருக்கிறேன், உள்ளே ஒன்று வேகிறதை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். வாசனை வீடு முழுக்கப் பரவியது. அக்கா பதறிப்போய் வாந்திக்கு வைத்திருந்த பேசினை எடுத்துக்கொண்டு மருமகள் அறைப்பக்கம் ஓடினார்.

கதவு திறந்தது. ஷைனி நின்றாள். முகம் ஒட்டிப்போய், தலை கலைந்து இருந்தாள். வாந்தி வரும் என்று அக்கா பேசினை நீட்டினார். அவள் நேராகச் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

ட்ரேயை வெளியே எடுத்தேன். அக்கா காலைப் பிய்த்து, ஆவி பறக்கத் தட்டில் வைத்து நீட்டினார்.

“மாமி, எனக்குக் கோழி வேண்டாம். அடியில கெடக்க உருளைக்கிழங்கு தருவியளா?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

“கோழி வேண்டாமா?”

“கோழி டாடிக்கு. நான் சின்னதிலேயே அடியில உள்ளதத்தான் சுரண்டித் தின்னுவேன்.”

“பின்ன எதுக்கு மோளே சிக்கன் சிக்கன்னு சொன்ன?”

“அதுக்க பேரு ட்ரே சிக்கன்தானே மாமி?”

அவள் உருளைக்கிழங்கு இரண்டையும் தின்றாள். கேரட்டையும் தின்றாள். வயிற்றில் நிற்குமா, வெளியே வருமா என்று அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நின்றது. பிறகு ஒரு சிறுகிழங்கை எடுத்துக் கடித்தாள்.

“இது என்ன மாமி? அம்மை இது போடமாட்டா. இன்னும் உண்டா?”

ரோசம்மா அக்கா பேசினைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதார். என் கண்ணும் நிறைந்துவிட்டது, அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. கோழியை நானும் அக்காவும் நின்றபடியே தின்று தீர்த்தோம். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா ஃபோன் பண்ணினார். அட்மிட் பண்ண வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

சர்வீஸுக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மீட்டரை எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கம்ப்ளெய்ன்ட் சொல்கிறவர் ஒருவராகவும், பாடுபடுகிறவர் வேறொருவராகவும் இருக்கலாம். அன்றைக்கு நான் ஓவனைச் சோதித்தேன், சமையலைச் சோதித்தேன், அயர்லாந்துக்குக் கூப்பிட வைத்தேன், கறிக்கடையில் சண்டை போட்டேன். பத்தடி தள்ளிக் கதவை அடைத்துக்கொண்டு பசியோடு படுத்திருந்த பெண்ணிடம், ‘அந்த ட்ரேயில உனக்கு எது வேணும் மக்கா?’ என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.