என் கையால் நிரப்பிய படிவம்

எங்கள் கட்டடத்தில் என்னை ‘ஃபோம் அன்ரி’ என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகளுக்கான உதவிப்பணம், சுகாதார அட்டை, வருமானவரி, பள்ளிக்கூட அனுமதி என்று யாருக்கு என்ன படிவம் வந்தாலும் அது மூன்றாம் மாடியில் உள்ள என் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேரும். காசு வாங்கமாட்டேன். ஆனால் கட்டத்துக்குள் அடங்கி நிற்கும் என் எழுத்தை ஒருவரும் பாராட்டாமல் போனால் அன்று முழுக்க எனக்கு மூஞ்சி நீண்டுவிடும். பகலில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் தட்டுகளில் பாண் அடுக்குகிற வேலை. அங்கே எனக்குப் பெயர்கூடக் கிடையாது, நிற்கிற இரண்டாம் வரிசையை வைத்து ‘லைன் ரூ’தான். எனக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் அந்த மேசை.

அதனால் என் குடியுரிமை விண்ணப்பத்தை இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கனடாவுக்கு அகதியாக வந்து, பார்க்டேலில் ஓர் அறையில் நாலு பேரோடு தொடங்கி, நிரந்தர வதிவுரிமை கிடைத்து, ஸ்காபரோவில் இந்தக் கட்டடத்துக்கு வந்து சேர எத்தனையோ வருடமாகிவிட்டது. மகள் இங்கேதான் பிறந்தவள். அவளுடைய தகப்பன் எங்களோடு இல்லை, அது வேறு கதை. நாட்டுக்கு வெளியே போன நாட்களை எழுதச் சொல்லி படிவத்தில் ஒரு பகுதி இருந்தது. எழுதினேன். இரண்டு பயணம், இரண்டும் யாழ்ப்பாணத்துக்கு. காரணம், தாயைப் பார்க்க. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது ஒருமுறை, அவர் திரும்ப நடக்கப் பழகியபோது இன்னொருமுறை. இலங்கைக் கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களையும் பிரதி எடுத்தேன். முத்திரை விழுந்த பக்கங்களில் சின்ன மஞ்சள் தாள்கூட ஒட்டினேன், அதிகாரி தேடிக் கஷ்டப்படக்கூடாதாம்.

அந்தக் கடவுச்சீட்டை நான் களவாக எடுக்கவில்லை. அகதிகளுக்குக் கனடா தருகிற பயணப் பத்திரத்தோடு உலகமெல்லாம் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகமுடியாது. அம்மா ஆசுப்பத்திரியில் கிடக்கிறார், தங்கச்சி தொலைபேசியில் அழுகிறாள். வேறு என்ன செய்வது? கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க இலங்கைத் துணைத்தூதரகத்தில் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னாலும் பின்னாலும் நின்றவர்களில் பாதிப் பேர் என்னைப் போல வந்தவர்கள்தான். ஒருவர் கலியாணத்துக்கு, ஒருவர் செத்த வீட்டுக்கு, ஒருவர் தேர்த் திருவிழாவுக்கு. பி.ஆர். கார்ட் என்கிற நிரந்தர வதிவுரிமை அட்டை கையில் இருந்தால் பயமில்லை என்று எல்லோரும் நினைத்திருந்தோம். நானும் என் மேசையில் வைத்து நாலு பேருக்கு அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

விண்ணப்பம் போய்ச் சில மாதங்களில் ஓர் அதிகாரி நேர்காணலுக்குக் கூப்பிட்டார். மிகவும் நல்ல மாதிரியாகப் பேசினார். ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன், குடிவரவுப் படிவங்களும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

பிறகுதான் கடிதம் வந்தது. வேலையால் வந்து கீழே தபால்பெட்டிக்கு முன்னால் நின்றபடியே வாசித்தேன். எந்த நாட்டுக்குப் பயந்து பாதுகாப்புக் கேட்டீர்களோ அதே நாட்டின் கடவுச்சீட்டை எடுத்து அங்கே போய் வந்திருக்கிறீர்கள், ஆகவே உங்கள் அகதிப் பாதுகாப்பை முடித்துவைக்கும்படி தீர்ப்பாயத்திடம் கேட்கிறோம் என்று இருந்தது. அது முடிந்தால் நிரந்தர வதிவுரிமையும் அதோடு போய்விடும். அதற்குப் பிறகு நாட்டை விட்டு அனுப்பலாம். ஆதாரம் என்று பின்னால் இணைத்திருந்த தாள்களைப் புரட்டினேன். எல்லாம் என் கையெழுத்து.

மார்க்கம் ரோட்டில் ஒரு லோயரைப் பிடித்தேன். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, என் மகளைவிடப் பத்து வயது மூப்பு இருப்பாள். ஊருக்குப் போகிறபோது இப்படி ஓர் ஆபத்து இருக்கிறது என்று எனக்குத் தெரியுமா என்பதையும், தெரிந்த பிறகு நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதையும் முக்கியமாகப் பார்ப்பார்கள் என்று விளக்கினாள். “கடிதம் வந்தாப் பிறகு நீங்கள் போகேல்லைத்தானே, அன்ரி?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அது நல்லது. அந்தக் கடவுச்சீட்டை இனித் தொடாதேங்கோ.” வெல்லுவமோ என்று கேட்டேன். அவள் அடுத்த தாளைப் புரட்டினாள்.

மகளுக்குச் சொல்லாமல் மறைக்கத்தான் பார்த்தேன். ஆனால் கடிதத்தை அவள் எடுத்து வாசித்துவிட்டாள். “நான் இஞ்ச பிறந்தனான்தானே. அப்ப உங்களை எப்பிடி அனுப்பேலும்?” என்று கேட்டாள். கடிதத்தை வாங்கி மடித்து உறைக்குள் வைத்தேன்.

விசாரணைக்கு ஏழு மாதம் காத்திருந்தோம். அந்த ஏழு மாதமும் பயம் எங்களோடு சேர்ந்து குடியிருந்தது. யாராவது படிவத்தோடு கதவைத் தட்டினால் தலையிடி என்று சொல்லி அனுப்பிவிடுவேன். இன்னொருவருடைய வாழ்க்கையில் பேனா வைக்க எனக்கு என்ன யோக்கியதை? பிக்கரிங்கில் ஒரு கடையில் குளிர்க் கோட் பாதி விலைக்குப் போட்டிருந்தார்கள். மகளுக்கு வாங்கினேன். எனக்கு ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த பனிக்கு நான் எங்கே இருப்பேனோ என்று திரும்ப மாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் மகளுக்குச் சோறு காய்ச்சப் பழக்கினேன், மின்சாரக் கட்டணம் எப்படிக் கட்டுவது என்று காட்டினேன். எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்கிற பிள்ளை, இதை மட்டும் ஏன் என்று கேட்கவில்லை.

விசாரணை கணினித் திரையில் நடந்தது. படிவங்கள் நிரப்பிய அதே மேசைக்கு முன்னால் கோயிலுக்குக் கட்டுகிற சேலையோடு உட்கார்ந்தேன். தீர்ப்புச் சொல்பவர் நரைத்த தலை உள்ள ஒரு பெண். அரசாங்கத் தரப்புக்கு ஓர் ஆண். என்னுடைய லோயர், ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். மகளைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னேன். போகமாட்டேன் என்று திரைக்குத் தெரியாத பக்கமாக நிலத்தில் இருந்துகொண்டாள்.

அந்த ஆண் கோபப்படவே இல்லை. மற்றவர்களுக்குக் குடிவரவுப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற உங்களுக்கா இந்தச் சட்டம் தெரியாது என்று கேட்டார். நேர்காணலில் நான் அடித்த பெருமை அப்படியே என் முன்னால் வந்து நின்றது. “படிவத்தில கேட்டதை நிரப்பத்தான் எனக்குத் தெரியும். கேக்காததை ஆர் எனக்குச் சொன்னது?” என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. லோயர் திரையில் கண்ணை மூடித் திறந்தாள்.

கடைசியில் தீர்ப்புச் சொல்பவர் தானே ஒரு கேள்வி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்வதற்கு முன்னமே எனக்கு விளங்கிவிட்டது. அவர் சொல்லி முடிக்கும்வரை அந்தக் கொஞ்ச நேரமும் நான் நிலத்தில் இருந்த மகளின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்கட அம்மாவுக்குத் திரும்பவும் வருத்தம் கடுமையானால், நீங்கள் போவீங்களோ?”

“போகமாட்டன்.”

மொழிபெயர்ப்பாளர் அதை ஒரே சொல்லில் சொல்லி முடித்தார். தீர்ப்பைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார்கள். திரை கறுத்தது. பொய் சொல்லிவிட்டேனா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். பொய் என்றால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான் உண்மையாகவே போகமாட்டேன். முதல்முறை ஒரு யோசனையும் இல்லாமல் ஓடினவள் இப்போது போகமாட்டேன். பயம் என்னை அப்படிப்பட்ட மகளாக்கிவிட்டது.

அடுத்த நாள் காலை வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம் அம்மா வீடியோவில் வந்தார். இந்த வழக்குப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தங்கச்சி தொலைபேசியைப் பிடித்திருந்தாள். அம்மா ஊன்றுகோல் இல்லாமல் குசினி வாசலிலிருந்து கதிரைவரைக்கும் நடந்து காட்டினார். ஆறு அடி இருக்கும். உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, எப்போது வருகிறாய் என்று கேட்டார்.

“லீவு தரமாட்டினமாம், அம்மா” என்றேன்.

அவருக்கு இன்னும் வாய் ஒரு பக்கம் இழுத்தபடிதான் இருக்கிறது. அந்த வாயாலேயே சிரித்தார். “பரவாயில்லை. நான் செத்தாலெண்டாலும் லீவு தருவினம்தானே?”

“ஓம், அம்மா” என்றேன்.