இடைவேளை வரை பார்த்த புஷ்பம் அக்கா

புஷ்பம் அக்கா இறந்துவிட்டார்.

நேற்று மத்தியானம், நுவரெலியா ஆஸ்பத்திரியில். அவருடைய போனிலிருந்து மகன்தான் க்ரூப்பில் போட்டிருந்தார். "அம்மா தவறிட்டாங்க" என்று ஒரே வரி... பக்கத்தில் அக்காவின் டேலியாப் பூ ப்ரொஃபைல் படம். ஏதோ விடை சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துத்தான் திறந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பழைய படக் க்ரூப்பில் தினமும் காலையில் ஏதாவது ஒரு கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து ஒரு துண்டை வெட்டிப் போடுவேன். முகம் இருக்காது. ஒரு கை, ஒரு மாடிப்படி, ஒரு பூட்டிய கதவு... அதை வைத்து என்ன படம் என்று சொல்ல வேண்டும்.

ஹட்டனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவனுக்குக் கடை திறப்பதற்கு முன்னால் இது ஒன்றுதான் சந்தோஷம்.

அக்கா அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகிற அம்மாக்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தவர். அவர் குடியிருந்த லயத்து வரிசை வீட்டில் சிக்னல் கிடையாது. பஸ் நிற்கிற ஹோல்ட் வரைக்கும் மேடு ஏறி வந்துதான் விடை போடுவார்.

முதல் பாதியிலிருந்து எதைப் போட்டாலும் அக்கா சொல்லிவிடுவார். ஜன்னல் திரையை வைத்தே சொல்லிவிடுவார். க்ளைமாக்ஸிலிருந்து போட்டால் மட்டும் ஆளையே காணோம். எனக்கு அது நெடுநாள் புரியவில்லை.

ஒருமுறை ஒரு படத்தைப் பற்றி, கடைசியில் அந்த இரண்டு பேரும் கல்யாணம் முடித்துச் சந்தோஷமாக இருந்தார்களே என்று எழுதியிருந்தார். க்ரூப்பில் யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். அவர் சும்மா இருப்பாரா? "தங்கச்சி, அதிலை ரெண்டு பேரும் செத்தெல்லோ போச்சினம்" என்று போட்டார். ஒரே சிரிப்பு ஸ்டிக்கர்.

அக்கா கோபப்படவில்லை. "எங்க அப்பா இடைவேளைக்கு மேல இருக்க விட மாட்டாருங்க மாஸ்டர். மிச்சத்த நானா முடிச்சு வச்சுக்குவேன்" என்று எழுதினார்.

அப்போதுதான் விஷயமே தெரிந்தது. அந்தக் காலத்தில் டீவியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து வந்து லயத்து வாசலில் படம் போடுவார்கள். விடிந்தால் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போக வேண்டுமே... இடைவேளை என்று எழுத்து வந்ததும் அப்பா எழுந்துவிடுவாராம். அக்காவும் அவருடைய பெரிய அக்காவும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்களாம்.

ஒரே ஒரு தடவைதான் அப்பா எழுப்பவில்லை. பெரிய அக்காவுக்குக் கல்யாணமாகி, புருஷன் வீட்டாரோடு இந்தியாவுக்குப் போகப் பேப்பர் வந்துவிட்டது. மறுநாள் ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பிறகு கப்பல். போகிற பிள்ளை முழுசாகப் பார்க்கட்டும் என்று அப்பாவே பணம் போட்டு எடுத்த படம் அது.

இடைவேளை தாண்டியது. ஒரு ஆள் கிளிக்கூண்டை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு பெண்ணுக்காகக் காத்திருக்கிறான். ரயில் வருகிறது. எல்லோரும் இறங்குகிறார்கள்... அந்த இடத்தில் டேப் சிக்கிக்கொண்டது. என்ன செய்தும் சரிவரவில்லை.

மறுநாள் பெரிய அக்கா போய்விட்டார். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் நேரில் பார்க்கவே இல்லை. இத்தனை வருஷமாக ஒரு போட்டோ, ஒரு கடிதம், இப்போது வாட்ஸப்.

படத்தின் பெயர் இரண்டு பேருக்குமே ஞாபகமில்லை. அந்தப் பெண் வந்தாளா, இல்லையா... எங்கள் க்ரூப்பில் யாராலும் விடை சொல்ல முடியாத ஒரே கேள்வி அதுதான். மாஸ்டர்கூட கையை விரித்துவிட்டார்.

போன மாதம் அது என் கையில் சிக்கியது. யூடியூபில், யாரோ தப்பான பெயர் போட்டு ஏற்றி வைத்திருந்தார்கள். மழை பெய்கிற மாதிரி ப்ரின்ட். ஆனால் பெஞ்சு இருந்தது, கிளிக்கூண்டு இருந்தது. நான் கடைசிவரை பார்த்தேன்.

லிங்கை இன்பாக்ஸில் அனுப்பினேன். அன்றைக்குத்தான் அக்கா முதல்முறையாகப் போன் எடுத்தார். மூச்சு வாங்கியது. மேடு ஏறி வந்ததால் என்று நினைத்தேன்.

"தம்பி, முடிவ மட்டும் சொல்லிப்புடாதீங்க. அக்காவும் நானும் சேந்து பாக்கப்போறோம்."

அங்கே பெரிய அக்கா, இங்கே பஸ் ஹோல்டில் இவர். வீடியோ கோலில் பேசிக்கொண்டே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படத்தைப் போடுவதாகத் திட்டம். ஞாயிற்றுக்கிழமை என்று நாள்கூடக் குறித்தாயிற்று. அதற்குள் ஆஸ்பத்திரி.

வார்டில் சிக்னல் நன்றாக இருக்குமே, அங்கேயே பார்த்துவிடுங்களேன் என்றேன். பக்கத்துக் கட்டிலில் நோயாளிகள் தூங்குகிறார்கள், வீட்டுக்குப் போன பிறகு ஹோல்டில் உட்கார்ந்து நிம்மதியாகப் பார்க்கிறோம் என்றார்.

எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இன்றைக்குக் காலையில் பெரிய அக்கா இந்தியாவிலிருந்து பேசினார். அக்காவின் மகன் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். ரொம்ப நேரம் அழுகை மட்டும்தான் கேட்டது. பிறகு கேட்டார்.

"அவ அத முழுசாப் பாத்தாளா தம்பி?"

"இல்லைங்கம்மா."

"நானும் பாக்கல. அவ வீட்டுக்கு வரட்டும்னு இருந்தேன்."

நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை... வேறு என்ன கேட்பது?

"வேணாம்ப்பா. அந்த ஆளு அந்த பெஞ்சுலயே உக்காந்திருக்கட்டும்."

நாளைக்குத் தோட்டத்தில் அடக்கம். பெரிய அக்காவால் வர முடியாது. மகன் போனைப் பிடித்துக்கொண்டு காட்டுவாராம். பஸ் ஹோல்டிலிருந்து வீடு வரைக்கும் சிக்னல் இல்லையே என்று கவலைப்படுகிறார். ஹோல்டில் கொஞ்ச நேரம் பெட்டியை இறக்கி வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம்.

க்ரூப்பில் நாளைக்குக் கேள்வி கிடையாது. அந்தப் படத்தின் பெயரை யாரும் இங்கே கேட்க வேண்டாம்.

போய் வாங்க அக்கா... நான் யாருக்கும் சொல்லவில்லை.