ஜப்பான் தூசு

என் மாமாவைப் போலச் சுத்தம் பார்க்கிற ஆளை நான் கண்டதில்லை. அந்தச் சுத்தமே ஒருமுறை அவர் பிழைப்புக்கு வேட்டு வைக்கப் பார்த்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. துபாயில் மெட்ரோ வராத காலத்தில், அல் குசைஸில் ஓர் அச்சகத்தில் சேர்ந்து, விசா அடிப்பதற்காகக் காத்திருந்தார். அதுவரைக்கும் வாயைத் திறக்காமல் வேலையைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும் என்று சொல்லித்தான் சேர்ந்திருந்தார்; உண்மையில் எழுத்துக்கூட்டுவதோடு சரி. பள்ளிக்கூடம் லீவான வெள்ளிக்கிழமைகளில் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி, அப்பா அபுதாபியில் சைட்டில். எட்டு வயதுக்காரியான நான் மாமாவோடு அச்சகத்துக்குப் போய்விடுவேன்.

அங்கே அவர் எனக்குப் பரீட்சை வைப்பார். செய்ய வேண்டிய வேலையை மேனேஜர் டைப் அடித்துத் தரும் ஜாப் கார்டில் ஒரு வார்த்தையைத் தொட்டு, "இது என்ன, சொல்லு பாப்போம் தாயி" என்பார். நான் சொன்னதும் அந்த வார்த்தையின் தலைமேல் பென்சிலால் பொடியாகத் தமிழில் ஏதோ எழுதுவார். எனக்குத் தமிழ் வாசிக்க வராது. மார்க் போடுகிறார் என்று நினைத்துப் பூரித்துப்போவேன்.

அவர் வேலை பிலிமைச் சுத்தம் செய்வது. கண்ணாடி மேஜையில் பிலிமை வைத்து அடியில் விளக்கைப் போட்டால், கறுப்புக்கு நடுவே எழுத்துகள் வெள்ளையாக ஒளிரும். தூசு விழுந்த இடமும் கீறலும் அதேபோல ஒளிரும். அவற்றைப் பிரஷ்ஷால் சிவப்பு மை தொட்டு மறைக்காவிட்டால் தாளில் கரும்புள்ளியாக வந்து மானத்தை வாங்கிவிடும்.

ஒரு ஜப்பானிய அம்மா, தங்கள் பிள்ளைகளின் விழாவில் கொடுப்பதற்காகச் சிறுவர் புத்தகம் ஒன்றின் பிலிம்களைக் கொண்டுவந்து கொடுத்தார். மேலிருந்து கீழே இறங்கும் பெரிய எழுத்துகள். வரிக்கும் வரிக்கும் நடுவே எள்ளைத் தூவினாற்போல ஏதோ பொடி. "ஜப்பான்காரன் ஊர்ல இம்புட்டுத் தூசா!" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொன்றாக மறைத்தார். இந்த வேலையைப் பார்த்தால் மேனேஜர் உடனே விசா அடித்துவிடுவார் என்று எங்கள் இருவருக்கும் நம்பிக்கை.

அடுத்த வெள்ளிக்கிழமை, அச்சான முதல் தாளைப் பார்க்க அந்த அம்மா வந்தார். பார்த்ததும் முகம் வாடிவிட்டது. சின்ன எழுத்துகள் எங்கே என்று இங்கிலீஷில் கேட்டார். விஷயம் தெரியாத மேனேஜர், நீங்கள் தந்த பிலிமே இப்படித்தான் என்று சாதித்தார். ஜப்பானிலிருந்து வேறு பிலிம் வருவதற்குள் பிள்ளைகளின் விழா முடிந்துவிடுமே என்று அந்த அம்மா கலங்கினார். மாமாவுக்கு ஏசியிலும் வியர்த்துக் கொட்டியது.

எனக்குப் பொறுக்கவில்லை. மாமா பட்ட பாட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! எங்கள் மாமாதான் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சுத்தம் செய்தார் என்று பள்ளிக்கூட இங்கிலீஷில் முழங்கினேன்.

மேனேஜர் மலையாளி. மாமாவைத் திரும்பிப் பார்த்தார். "மதி, மதி. இனி நீ இங்க வேண்டா. கலாஸ்" என்றார். போதும், கணக்கு முடிந்தது என்று அர்த்தம்.

அந்த அம்மாவோ பிலிமை விளக்கின் மேல் வைத்தார். பிரஷ் கழுவும் தண்ணீரில் விரலை நனைத்துச் சிவப்பு மையைத் தேய்த்தார். மை கரைந்து, அடியிலிருந்து ஒரு குட்டி எழுத்து ஒளிர்ந்தது. அவர் சிரித்தேவிட்டார்.

பிறகு பஞ்சும் தண்ணீருமாக எல்லாரும் உட்கார்ந்து துடைத்தோம், மேனேஜர் உட்பட. எனக்குத் திருவிழாப் போல இருந்தது. அந்தப் பொடிக்கு ஃபுரிகானா என்று பெயராம். பெரிய எழுத்தை எப்படி வாசிப்பதென்று தெரியாத பிள்ளைகளுக்கு, பக்கத்தில் இருக்கும் குட்டி எழுத்து சொல்லிக்கொடுக்குமாம். அப்படியானால் குட்டியை மட்டும் அச்சடித்தால் போதாதா என்று கேட்டேன். பெரியதோடு பழக வேண்டாமா, பழகிய பிறகு குட்டி தேவைப்படாது என்றார் அந்த அம்மா.

சொல்லிக்கொண்டே மேஜையிலிருந்த ஜாப் கார்டை எடுத்தவர், "அட, உங்களிடமும் ஃபுரிகானா இருக்கிறதே!" என்றார். மாமா பதறிக் கையை நீட்டுவதற்குள் மேனேஜர் அதை வாங்கிவிட்டார். இங்கிலீஷ் வார்த்தைகளின் தலைமேல் வரிசையாகத் தமிழ். அவர் வெகுநேரம் அதையே பார்த்தார். அது மாமா எனக்குப் போட்ட மார்க் என்று விளக்கினேன். அவர் கார்டோடு தன் அறைக்குப் போய்விட்டார்.

அன்று வீட்டில் விஷயத்தைக் கேட்ட அம்மா என் காதைத் திருகினாள். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. மாமா பெட்டியைக் கட்டத் தொடங்கினார். மறுநாள் அச்சகத்தில் இருந்த பாஸ்போர்ட்டை வாங்கிவரப் போனவர் சாயங்காலம்தான் திரும்பினார், கையெல்லாம் சிவப்பு மையோடு.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் வழக்கம்போலப் போனேன். மேஜையில் புது ஜாப் கார்டு. வரிக்கும் வரிக்கும் நடுவே ஒரு விரல் வைக்கலாம், அவ்வளவு இடம் விட்டு டைப் அடித்திருந்தார் மேனேஜர். ஒரு பக்கத்தில் அடங்குகிற விஷயம் இரண்டு பக்கத்துக்குப் போயிருந்தது. மாமா பென்சிலைச் சீவிக்கொண்டு, "இது என்ன, சொல்லு பாப்போம் தாயி" என்றார்.

இப்போது அந்த மேனேஜரை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. அன்றைக்கோ, நல்ல தாளை இப்படி வீணடிக்கிறாரே என்றுதான் தோன்றியது.